‘அந்தப் பொண்ணு என்ன ஆனா?’ - அப்பாயி கேட்ட கேள்வியும், ஒரு ஜப்பான் தீவுக் குடும்பத்தின் கதையும்!

போன மாதம் டெஸ்கில் ஒரு வேலை கொடுத்தார்கள். ‘தி லாஸ்ட் சாமுராய்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். டாம் குரூஸ் நடித்து 2003-ல் வந்த படம். அதில் வரும் சாமுராய் தலைவர் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த நிஜ மனிதர் சைகோ டகாமோரி. அவரைப் பற்றி 600 வார்த்தையில் ஒரு கட்டுரை வேண்டும், சாயங்காலத்துக்குள் போட வேண்டும் என்றார்கள்.

போட்டேன். பிறப்பு, போர், புரட்சி, வீர மரணம். எல்லாம் இருந்தது. ‘தீவில் மறைந்து வாழ்ந்தபோது அங்கே ஒரு பெண்ணை மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தன’ என்று நடுவில் ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை எழுத எனக்கு பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

அந்த வாரம் தஞ்சாவூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். நான் எழுதும் எதையும் அப்பாயிக்குப் படித்துக் காட்டியாக வேண்டும். அது வீட்டில் எழுதப்படாத சட்டம். திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். சாமுராய் செத்துப்போன இடத்தில் ‘ப்ச்’ என்றார். நான் போனைக் கீழே வைத்ததும் கேட்டார்.

“அதெல்லாம் சரி பாப்பா... அந்தத் தீவுல கட்டிக்கிட்டானே, அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

எனக்குத் தெரியவில்லை. “தெரியல அப்பாயி” என்றேன்.

“புள்ளைங்க?”

அதுவும் தெரியவில்லை. அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டார். பத்திரிகையில் வேலை பார்ப்பவளுக்கு அதைவிடப் பெரிய குட்டு வேண்டுமா?

அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். சாமுராயைத் தேடிப் போன நான், ஒரு தீவு அதிகாரியின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

டிராகன் என்று ஒரு குடும்பப் பெயர்

ஜப்பானின் தெற்கு முனையில் இருக்கும் கியூஷூவுக்கும் ஒகினாவாவுக்கும் நடுவே கடலில் புள்ளி புள்ளியாகத் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது அமாமி ஓஷிமா. ககோஷிமா துறைமுகத்தில் சாயங்காலம் கப்பல் ஏறினால் மறுநாள் விடியற்காலையில்தான் போய்ச் சேர முடியும். அந்தத் தீவின் வடக்குப் பகுதியில் தட்சுகோ என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே செல்வாக்காக இருந்தது ரியூ குடும்பம். தட்சு, ரியூ இரண்டும் ஒரே எழுத்தின் இரண்டு உச்சரிப்புகள்தாம். அர்த்தம், டிராகன்.

அந்தக் குடும்பத்தின் பழைய கதை இன்னும் தெற்கே, ரியூக்யூ அரசிடம் போய் நிற்கிறது. இன்றைய ஒகினாவாதான் அன்றைக்குத் தனி ராஜ்ஜியமாக இருந்த ரியூக்யூ. அமாமியும் அதன் ஆட்சியில் இருந்தது. ரியூக்யூ அரசர் நியமித்த தீவு அதிகாரிகளின் வழியில் வந்தவர்கள் என்று ரியூ குடும்பத்தார் தங்கள் வம்சத்தைச் சொல்கிறார்கள்.

1609-ல் எல்லாம் மாறியது. ககோஷிமாவை ஆண்ட சாட்சுமா பிரபுக்கள், சுமார் 3,000 வீரர்களோடு கப்பல்களில் வந்து ரியூக்யூவின் மீது படையெடுத்தார்கள். முதலில் விழுந்தது அமாமி. பிறகு தீவு நேரடியாக சாட்சுமாவின் கைக்குப் போனது. ராஜா மாறினாலும் வரி வசூலிக்கவும் கணக்கு எழுதவும் உள்ளூர் ஆள் வேண்டுமே? அதனால் பழைய அதிகாரி குடும்பங்கள் அப்படியே தொடர்ந்தன. மேலே இருக்கும் முதலாளிதான் மாறினார்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் தபாத்தா என்று பெயர். அர்த்தம், வயல்கள். முன்னோர் ஒருவர் தரிசு நிலங்களைத் திருத்தி வயலாக்கியதற்காக, 1726-ல் கிராமத்து சாமுராய் அந்தஸ்தை சாட்சுமா கொடுத்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், தீவுக்காரர்களுக்கு ஒரே எழுத்தில்தான் குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது. அப்படித்தான் ‘வயல்கள்’ போய் ‘டிராகன்’ வந்தது. பெரும்பாலான ஜப்பானியக் குடும்பப் பெயர்கள் இரண்டு எழுத்தில் இருக்கும். ஒரே எழுத்துப் பெயரைப் பார்த்தால் ‘இவர் அமாமிக்காரராக இருக்கலாம்’ என்று இன்றைக்கும் யூகிக்கிறார்கள். பாடகி ஹாஜிமே சிட்டோசேயின் ‘ஹாஜிமே’ அப்படி ஒரு பெயர்தான்.

பெயரை வைத்தே ஆளை அடையாளம் காணும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது போல.

வெல்லம் கசந்த தீவு

அமாமியில் விளைவது கரும்பு. சாற்றைக் காய்ச்சி, கிட்டத்தட்ட நம் ஊர் வெல்லம் போலவே கறுப்புச் சர்க்கரை செய்வார்கள். அப்பாயிக்கு இதைச் சொன்னபோது, “அங்கயும் வெல்லமா?” என்று முகம் மலர்ந்தார். அடுத்து நான் சொன்னதைக் கேட்டதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

சாட்சுமாவுக்குத் தலைக்கு மேல் கடன். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 50 லட்சம் ரியோ வரை போயிருந்தது. அதை அடைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி இந்தத் தீவுகளின் சர்க்கரை. 1830 முதல் மொத்தச் சர்க்கரையும் அரசுக்கே என்று ஆனது. தீவுக்காரர்கள் தாங்களாக விற்கக் கூடாது. நெல் போட வேண்டிய நிலத்திலும் கரும்பு நட்டார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாத காலத்தில், விஷம் கொண்ட ஈந்துப்பனைக் கொட்டையைப் பலமுறை தண்ணீரில் அலசி, அதன் மாவைக் காய்ச்சிக் குடித்தார்கள். விளைவித்த சர்க்கரையை விரலில் தொட்டு நக்கியவருக்கும் அடி விழுந்ததாகத் தீவில் இன்றும் சொல்கிறார்கள். ‘சர்க்கரை நரகம்’ என்றே அந்தக் காலத்துக்குப் பெயர்.

வரி கட்ட முடியாமல் கடன்பட்டவர்கள் வசதியான வீடுகளில் பண்ணையடிமைகளானார்கள். அவர்களை ‘யன்ச்சு’ என்றார்கள். வீட்டு ஆள் என்று அர்த்தம். தீவின் பெரிய குடும்பங்கள் இவர்கள் உழைப்பில்தான் தழைத்தன. அந்தப் பெரிய குடும்பங்களின் வரிசையில்தான் ரியூ குடும்பமும் வருகிறது. மேலே சாட்சுமா, கீழே யன்ச்சு, நடுவில் உள்ளூர் அதிகாரி. இதை எழுதாமல் ‘பாரம்பரியமிக்க குடும்பம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால், பழைய தப்பையே நான் மறுபடியும் செய்திருப்பேன்.

கரையேறிய விருந்தாளி

1858-ன் கடைசியில் சைகோவுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது. அவர் தெய்வமாக மதித்த பிரபு இறந்துவிட்டார். மத்திய ஷோகுன் அரசு, சைகோவின் நண்பரான கெஷ்ஷோ என்ற துறவியைத் தேடிக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து கடலில் குதித்தார்கள். துறவி இறந்துபோக, சைகோவை மட்டும் பிழைக்க வைத்துவிட்டார்கள். அவரை ஷோகுனிடமிருந்து மறைக்க, ‘கிகுச்சி கெங்கோ’ என்று வேறு பெயர் வைத்து, 1859 தொடக்கத்தில் அமாமியின் தட்சுகோ ஊருக்குக் கப்பலேற்றியது சாட்சுமா.

வந்த புதிதில் அவருக்குத் தீவையும் பிடிக்கவில்லை, தீவு மக்களையும் பிடிக்கவில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்கிற தோரணையில்தான் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால், மாதங்கள் போகப் போகச் சர்க்கரை வரியின் கொடுமையைக் கண்ணால் பார்த்தார். வரி பாக்கிக்காக விவசாயிகளைப் பிடித்து வைத்தபோது, சாட்சுமா அதிகாரியிடம் நேரில் போய்ச் சண்டை போட்டு விடுவிக்க வைத்தார் என்று தீவில் சொல்கிறார்கள்.

அவருக்கு அந்த ஊரில் ஆதரவாக இருந்தது ரியூ குடும்பம். அதன் கிளைக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண்ணை 1859 கடைசியில் அவருக்கு மணம் செய்து வைத்தார்கள். பெண் 1837-ல் பிறந்தவர். அவரைத்தான் உலகம் ஐகனா என்று அழைக்கிறது.

‘கனா’ என்பது அமாமியில் பெண்கள் பெயரோடு பாசமாகச் சேர்க்கும் சொல். நாம் ‘கண்ணு’, ‘செல்லம்’ என்போமே, அப்படி. ‘ஐ’ என்றால் அன்பு. கல்யாணத்துக்குப் பிறகு சைகோ வைத்த பெயர் அது என்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டில் வேறு பெயர். இன்று அந்தப் பழைய பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னபோது அப்பாயி சிரித்தார். “எனக்கும்தான். இந்த வீட்டுக்கு வந்தப்புறம் யாரு என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டா? பெரியவன் பொறந்ததும் அவன் அம்மா ஆயிட்டேன்.”

கப்பல் ஏற முடியாத மனைவி

இங்கேதான் அப்பாயியின் கேள்விக்குப் பதில் வருகிறது.

வெளியிலிருந்து வரும் சாட்சுமாக்காரர்கள் தீவில் மணக்கும் பெண்களை ‘அங்கோ’ என்றார்கள். தீவு மனைவி. கணவன் ஊர் திரும்பும்போது அவள் கூடப் போக முடியாது. அதுதான் விதி. பிள்ளைகளை மட்டும் வேண்டுமானால் அழைத்துக்கொள்ளலாம். தாலி கட்டும்போதே பிரிவும் சேர்த்துக் கட்டப்பட்ட மாதிரி ஒரு கல்யாணம். ஐகனாவுக்கும் இது தெரியும். அவர் வீட்டாருக்கும் தெரியும்.

1861-ல் மகன் பிறந்தான். கிகுஜிரோ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானில் ‘தாரோ’ என்று முடியும் பெயர் மூத்த மகனுக்கு வைப்பது, ‘ஜிரோ’ இரண்டாவது மகனுக்கு. சைகோவின் முதல் பிள்ளை இவன்தான். ஆனாலும் ஜிரோ. 1866-ல் ககோஷிமா மனைவிக்கு மகன் பிறந்தபோது அவனுக்குத்தான் ‘தாரோ’ போய்ச் சேர்ந்தது. டோராதாரோ. வாரிசும் அவன்தான்.

கிகுஜிரோ பிறந்த வருடக் கடைசியில் தட்சுகோவில் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். குடிபோன மறுநாளே ‘திரும்பி வா’ என்று சாட்சுமாவிலிருந்து உத்தரவு வந்தது என்பார்கள். 1862 தொடக்கத்தில் சைகோ கப்பலேறினார். அப்போது ஐகனா கர்ப்பிணி. அந்த வருடமே மகள் கிகுசோ பிறந்தாள்.

அதற்குள் சைகோ மறுபடியும் அதிகாரத்தின் கோபத்துக்கு ஆளாகி, இந்த முறை நிஜமான தண்டனைக் கைதியாக, பக்கத்துத் தீவான டொகுனோஷிமாவுக்கு அனுப்பப்பட்டார். செய்தி தெரிந்ததும் ஐகனா என்ன செய்தார் தெரியுமா? கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை. பிரசவம் ஆகிக் கொஞ்ச நாள்தான். படகேறிக் கடலைக் கடந்து டொகுனோஷிமாவுக்குப் போனார். கணவரைப் பார்த்தார். சேர்ந்திருக்கக் கொடுத்து வைக்கவில்லை. உடனேயே சைகோவை இன்னும் தெற்கே ஒகினோஎராபு தீவுக்கு மாற்ற உத்தரவு வந்துவிட்டது.

அந்தத் தீவில் சுவரில்லாத கூண்டுச் சிறையில் மழையிலும் வெயிலிலும் சாகக் கிடந்த சைகோவைக் காப்பாற்றியதும் ஓர் உள்ளூர் அதிகாரிதான். ட்சுச்சிமோச்சி மசாத்தெரு என்று பெயர். ‘அடைத்து வை’ என்றுதான் உத்தரவு. திறந்தவெளியில் அடைக்கச் சொல்லவில்லையே என்று சொல்லி, ஒரு வீட்டைக் கட்டி அதற்குள் சிறையை வைத்தார். சைகோ சொல்லிக்கொடுத்தபடி, பஞ்ச காலத்துக்குத் தானியம் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியத்தையும் பிற்பாடு 1870-ல் தொடங்கினார். இந்தக் கதையைத் தனியாகவே எழுத வேண்டும்.

1864-ல் விடுதலையாகிப் போகும் வழியில் சில நாள்கள் மட்டும் சைகோ தட்சுகோவில் தங்கினார். அதற்குப் பிறகு அவரும் ஐகனாவும் சந்திக்கவே இல்லை. மறுவருடம் அவர் ககோஷிமாவில் இட்டோ என்ற பெண்ணை மணந்தார்.

மகன் போனான், மகளும் போனாள்

1869-ல் கிகுஜிரோவை அப்பா வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பையன். சில வருடங்களில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனான். அதன் பிறகு மகளும் ககோஷிமாவுக்குப் போனாள். பதின்மூன்று, பதினான்கு வயது. அங்கே இரண்டு பேரையும் வளர்த்தவர் இட்டோ. ஐகனாவின் வீடு காலியானது.

1877-ல் புதிய அரசை எதிர்த்து நடந்த சாட்சுமா கிளர்ச்சியில் சைகோ இறந்தார். அதே போரில் அப்பா பக்கம் நின்ற கிகுஜிரோ, குண்டடிபட்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அப்போது அவருக்கு 16 வயது.

ஒரு காலோடுதான் அவர் மீதி வாழ்க்கையை வாழ்ந்தார். வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். 1895-ல் தைவான் ஜப்பானின் காலனியானபோது அங்கே போனார். 1897-ல் யீலான் பகுதியின் நிர்வாகத் தலைவரானார். வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டிருந்த அந்த ஊருக்கு ஆற்றோரம் கரை எழுப்பினார். அவர் போன பிறகு ஊர்க்காரர்கள் வைத்த நினைவுக்கல் அங்கே இன்றும் நிற்கிறது. 1904 முதல் 1911 வரை கியோட்டோ நகர மேயர். குடிநீர், புதிய கால்வாய், அகலமான சாலைகளும் டிராமும் என்று இன்றைய கியோட்டோவுக்கு அடித்தளம் போட்ட மூன்று பெரிய திட்டங்கள் அவர் காலத்தில் தொடங்கியவை. 1928-ல் மறைந்தார்.

வெளியிலிருந்து வந்தவர்கள் ஆண்ட ஒரு தீவில் பிறந்த பையன், வளர்ந்து இன்னொரு தீவை வெளியிலிருந்து போய் ஆளும் அதிகாரியாகிறார். அம்மாவின் வீட்டில் பார்த்தது அவருக்கு அங்கே உதவியதா? நான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிகுசோ, ராணுவத் தலைவர் ஓயாமா இவாவோவின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த இல்லறம் சுகமானதாக இல்லை. 1909-ல் காலமானார்.

ஐகனா? தட்சுகோவிலேயே இருந்தார். வயல் வேலை செய்தார். 1902 ஆகஸ்ட்டில், 65 வயதில், வேலை செய்துகொண்டிருந்தபோது வயலிலேயே சாய்ந்து இறந்துபோனார் என்கிறார்கள். அதே வருடம் ஜூன் மாதம்தான், அப்பாவின் பெருமைக்காக டோராதாரோவுக்கு ‘மார்க்விஸ்’ பிரபுப் பட்டம் கொடுத்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் போனில் அப்பாயியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ‘ஹலோ... ஹலோ’ என்றேன்.

“இருக்கேன்டி. வயக்காட்டுலயேவா?” என்றார்.

எழுத இடமில்லாத பெயர்கள்

சைகோவும் ஐகனாவும் வாழ்ந்த வீடு தட்சுகோவில் இன்றும் இருக்கிறது. ரியூ வம்சத்தினர்தாம் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு கல். அதில் இருப்பது, எதிரணியில் இருந்தும் சைகோவை மதித்த காட்சு கைஷூவின் வாசகம். இரண்டாம் உலகப்போர் முடிந்து, 1953 டிசம்பர் 25 வரை அமாமி அமெரிக்க ராணுவ ஆட்சியில் இருந்த காலத்தையும் தாண்டி வந்த வீடு அது. 2018-ல் என்.ஹெச்.கே ஒளிபரப்பிய ‘செகோடோன்’ தொடரில் ஐகனாவாக நிக்கைடோ ஃபுமி நடித்த பிறகு, ஜப்பானியர்களுக்கே அந்தப் பெயர் புதிதாக அறிமுகமானது மாதிரி ஆகிவிட்டது.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ராஜாவின் நியமனம், வயல் திருத்தியதற்கு அந்தஸ்து, ஒற்றை எழுத்துப் பெயர் என்று பல தலைமுறை ஆண்களால் எழுதப்பட்டது ரியூ குடும்பத்தின் வரலாறு. ஆனால், தீவுக்கு வெளியே அந்தக் குடும்பத்தை இன்று யாராவது தேடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் அது ஒரு கிளைக் குடும்பத்துப் பெண்ணால்தான்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா கூப்பிட்டார். எங்கள் குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு மலர் போடுகிறார்கள். அதில் எங்கள் குடும்பத்தின் கொடிவழிப் படம் ஒரு பக்கம் வரும். “நீதான் பத்திரிகையில இருக்கியேம்மா, அழகா டைப் பண்ணிக் கொடு” என்று கையால் எழுதிய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

ஆறு தலைமுறை. எல்லாம் ஆண்கள். என் அப்பா பெயருக்குக் கீழே கோடு நின்றுவிட்டது. நான் ஒற்றைப் பிள்ளை. கட்டத்துக்குள் நான் இல்லை. அம்மா இல்லை. அப்பாயி இல்லை.

பெரியப்பாவிடம் கேட்டேன். “பொம்பளைங்க பேரையும் போட்டா ஒரு பக்கத்துல அடங்காதும்மா. அதுவும் இல்லாம, வழக்கம் இல்ல” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஃபீஸ் கட்டியவர். வழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஐகனா கப்பலேறக் கூடாது என்று சொன்னவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் சண்டை போடவில்லை. எழுத்தைச் சின்னதாக்கி, படத்தை அகலமாக்கி, எல்லா ஆண் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் சேர்த்தேன். ஒரே பக்கத்தில் அடங்கியது. பிறகு பெயர் கேட்டு நிரப்ப அப்பாயியிடம் உட்கார்ந்தேன்.

அப்பாயி தன் பெயரைச் சொன்னார். மாமியார் பெயரைச் சொன்னார். அதற்கு முந்தைய தலைமுறைக்கு வந்தபோது கண்ணை மூடி யோசித்தார்.

“மாமனாரோட அம்மாவ நான் பாத்துருக்கேன். வெத்தலை இடிச்சுக் குடுத்துருக்கேன். பேரு... எல்லாரும் ‘பெரியாயி’ன்னுதான் கூப்புடுவோம். பேரு யாருக்குத் தெரியும்?”

அதற்கு மேலே இருந்த மூன்று கட்டங்களுக்கு அந்தப் ‘பெரியாயி’கூட இல்லை.

படத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு நாள் முழுக்க நீல டிக் மட்டும்தான் இருந்தது. மறுநாள் காலையில் ஒரு வரி வந்தது. ‘அந்த நாலு கட்டம் காலியா இருக்கே, எடுத்துடலாமா?’

‘வேண்டாம் பெரியப்பா, காலியாவே இருக்கட்டும்’ என்று பதில் போட்டேன்.

மலர் அச்சுக்குப் போயிருக்கிறது. எப்படி வரும் என்று பார்க்க வேண்டும். நீங்களும் இந்த வாரம் ஊருக்குப் போனால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய பாட்டியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்தால், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.